நூல் கட்டிய பத்துக் கொத்துகள்

எங்கள் ஊர் சூடாகிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு, நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது என்னிடம் வந்து சேர்ந்தது. என்னிடம் மட்டுமல்ல, வகுப்பிலிருந்த முப்பத்தாறு பேரிடமும்தான். மற்றவர்கள் அதை இன்னொரு வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டார்கள். நான் அதைப் பதவியாக எடுத்துக்கொண்டேன். யாராவது ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டால் போதும், அந்த வயதில் எனக்குத் தலைகால் புரியாது.

இரண்டாயிரத்து மூன்றா நான்கா என்று சரியாக நினைவில்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து வரதராஜன்பேட்டைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அறிவியல் டீச்சர் அரியலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், கைப்பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைப் போல மூன்று மடங்கு நீளம் இருந்தது. யாருக்கு அவ்வளவு பெரிய காய்ச்சல் என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"பூமிக்குத்தான். பூமி சூடாகுது, பருவம் மாறுதுன்னு பேப்பர்ல எழுதுறாங்க. நம்ம ஊர்ல மாறுதான்னு யாரு வந்து பாக்கப் போறாங்க? நாமதான் பாக்கணும்" என்றார் டீச்சர்.

வெயில் மாறினால் பூக்கள் முந்திப் பூக்கும், அல்லது பிந்திப் பூக்கும், அல்லது பூத்தும் தங்காது. ஆகவே பூவைப் பார்த்தால் பருவம் தெரிந்துவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். முதலில் ஆளுக்கொரு பெயிண்ட் டப்பாவில் செண்டுப்பூ விதை போட்டோம். எல்லோரும் ஒரே நாளில், ஒரே அளவு மண்ணில், ஒரே அளவு தண்ணீர் விட்டு. தலைமையாசிரியர் அறைச் சுவரோரம் முப்பத்தாறு டப்பாக்களும் வரிசையாக நின்றன. முளை வந்து, நான்கு இலை வந்து, மொட்டு எப்போது வரும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் சாப்பாட்டு மணிக்குச் சத்துணவு ஆயாவின் ஆடு வந்து அந்த ஆராய்ச்சியைக் கால்மணி நேரத்தில் முடித்துவைத்தது. நோட்டில் என்ன எழுதுவது என்று விழித்தோம்.

"நடந்ததை எழுதுங்க. நடக்காதத எழுதக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

முப்பத்தாறு நோட்டிலும் 'ஆடு தின்றது' என்று எழுதினோம். அதற்குப் பிறகுதான் ஆடு எட்டாத உயரத்தில் பூக்கிற மரங்களைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு பேருக்கு ஒரு மரம். தையிலும் மாசியிலும் பூக்கிற மரமாக இருக்க வேண்டும். வேம்பு, மா, புங்கன், முருங்கை என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். நானும் ஜெயராணியும் எங்கள் கொல்லையின் முந்திரி மரம் ஒன்றைச் சொன்னோம். எங்கள் பக்கம் முந்திரித் தோப்பைக் கொல்லை என்றுதான் சொல்வோம்.

ஜெயராணி என் பெஞ்சுக்காரி. வரதராஜன்பேட்டைப் பக்கத்திலிருந்து நடந்து வருவாள். கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். அவளுடைய அப்பாதான் நான்கு வருஷமாக எங்கள் முந்திரிக் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். முந்திரிக் குத்தகையில் காயைப் பார்த்து யாரும் பேசுவதில்லை, பூவைப் பார்த்துத்தான் பேசுவார்கள். மாசியில் மரம் பூத்து நிற்கும்போது விலை பேசி மொத்தத்தையும் கொடுத்துவிட வேண்டும். பிறகு விழுகிற கொட்டையெல்லாம் குத்தகைக்காரருக்கு. நிறைய விழுந்தால் அவர் அதிர்ஷ்டம், விழாவிட்டால் அவர் தலையெழுத்து. கொல்லைக்காரருக்கு இரண்டிலும் சம்பந்தமில்லை.

அதனால் ஜெயராணிக்கு அந்த மரத்தின்மேல் என்னைவிட அக்கறை இருந்தது. எட்டாவதுக்கு மேல் படிக்க ஜெயங்கொண்டம்தான் போக வேண்டும். நான் போவது உறுதி. அவள் போவது முந்திரியின் கையில் இருந்தது.

"இந்த வருசம் கொட்டை நல்லா வுழுந்தா ஒன்பதாவது சேத்துவுடுறேன்னு அப்பா சொல்லியிருக்கு. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போலாம்டி" என்பாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் யார் என்பதைக்கூட முடிவு செய்துவைத்திருந்தோம். போகும்போது அவள், வரும்போது நான்.

மரத்தில் தாழ்வான கிளைகளாகப் பார்த்துப் பத்துப் பூங்கொத்துகளைத் தேர்ந்தெடுத்தோம். கைத்தொழில் வகுப்பில் மிச்சமான சிவப்பு உல்லன் நூலைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு கொத்தின் காம்பிலும் கட்டினோம். தினமும் காலையில் நான் போய், எத்தனை கொத்தில் மொட்டு, எத்தனை கொத்தில் பூ, எத்தனை காய்ந்தது, வானம் எப்படி என்று பார்த்து ஒரு சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஜெயராணி அதைப் பார்த்து நோட்டில் அழகாக எழுதுவாள். டீச்சர் நூல் கட்டுவதைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொல்லியிருந்தார்.

"இறுக்கிக் கட்டிடாதீங்க. காம்புல தண்ணி ஏறாம கருகிப் போயிடும்."

மார்கழி முழுக்க நான் ஒழுங்காகப் பார்த்தேன். பனியில் கால் நனைய நனையப் போய் எண்ணினேன். மொட்டுகள் முதலில் பச்சையாக இருந்தன, பிறகு வெளுத்தன, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சின்னச் சின்னப் பூக்களாக விரிந்து இளஞ்சிவப்புக் கோடு காட்டின. என் பதவிக்காலத்தின் பொற்காலம் அது. அப்பா கொல்லைக்கு வந்தால்கூட, "அந்தக் கிளைய ஆட்டாதீங்கப்பா" என்று அதட்டுவேன். அவரும் சரிங்கம்மா என்று கையைக் கட்டிக்கொண்டு விலகி நிற்பார்.

பொங்கல் விடுமுறைக்குப் பெரம்பலூரில் மாமா வீட்டுக்குப் போனேன். அங்கே கலர் டிவி இருந்தது, கேபிளும் இருந்தது. மூன்று நாளில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் பத்து நாள் தங்கிவிட்டேன். நடுவில் இரண்டு நாள் லேசாகக் காய்ச்சல் வந்தது உண்மை. மற்ற நாட்களுக்கும் காய்ச்சல் என்று மாமா லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தார், நான் தங்கியது அத்தை நன்றாகச் சமைத்ததால். அந்த நாட்களில் தை மாதத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் வானம் மூடிக்கொண்டு மழை பெய்தது. மழை பெய்தால் வெளியே போக வேண்டாம், டிவி பார்க்கலாம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மரத்தின் நினைவு ஒருமுறைகூட வரவில்லை என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்த அன்று சாயங்காலமே கொல்லைக்கு ஓடினேன். நூல் கட்டிய பத்தில் ஏழு கொத்துகள் கருகியிருந்தன. நெருப்பில் காட்டி எடுத்ததுபோலக் காம்போடு கறுத்துச் சுருங்கி, தொட்டால் உதிர்ந்தன. நூல் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

மழைக்கும் மூடாப்புக்கும் பூச்சி விழுந்து முந்திரிப் பூ கருகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முடிச்சுகள்தான். நான்தான் இறுக்கிவிட்டேன், டீச்சர் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார், பதவி போய்விடும். நூல் கட்டாத கொத்துகளும் மரம் முழுக்கக் கருகித்தான் இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. வேலியோரம் கிழக்குப் பக்கத்துக் கிளை ஒன்று மட்டும், என்ன காரணமோ, தப்பித்துப் பூவோடு நின்றது. ஏழு நூலையும் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அந்தக் கிளையில் ஏழு நல்ல கொத்துகளாகப் பார்த்து, இந்த முறை தளர்த்தியாகக் கட்டினேன். வேலை முடிந்ததும் தூர நின்று பார்த்தேன். பத்தும் நன்றாக இருந்தன.

மறுநாள் ஜெயராணி நோட்டை நீட்டினாள். பத்து நாளுக்குக் கோடு போட்டு, தேதி எழுதி, இடம் விட்டு வைத்திருந்தாள்.

"மாமா வூட்டுக்குப் போயிட்டியே, யாரு எண்ணுனா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா எண்ணி வெச்சாங்க" என்றேன். அந்தப் பொய் எனக்கே எதிர்பாராமல் வந்தது.

"மழை பேஞ்சுதே, ஒன்னும் ஆவலயாடி?"

"நம்ம மரத்துக்கு ஒன்னும் ஆவல. பத்தும் பூவுலதான் இருக்கு."

ஜெயராணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா கேட்டா எவ்ளோ சந்தோசப்படும் தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே பத்து வரியையும் எழுதினாள். மேகமூட்டம், பத்துக் கொத்திலும் பூ. மழை, பத்துக் கொத்திலும் பூ. ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டாள். மாமரக்காரர்களும் முந்திரியைப் பார்த்த இன்னொரு ஜோடியும் கருகிவிட்டது என்று எழுதியிருந்ததால் டீச்சர் எங்கள் நோட்டில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நன்றாகப் பார்த்துத்தான் எழுதினீர்களா என்று கேட்டார். ஆமாம் டீச்சர் என்றேன். ரப்பரை எடுத்து அந்தக் கேள்விக்குறியை அவரே அழித்தார்.

அதற்கடுத்த வாரங்களில் அப்பாவும் அம்மாவும் கொல்லையில் கருகிய கொத்துகளையெல்லாம் ஒடித்துக் கட்டுக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடுப்புக்கு ஆகும் என்றாள் அம்மா. கருகல் நீங்கிய மரங்கள் புதுத் தளிர் விட்டு மறுபடியும் பூத்தன. மாசி பாதியில் பார்த்தால் கொல்லை முழுக்கப் பூ, வாசனை மூக்கைத் துளைத்தது. என் நூல்களுக்கு இனி ஆபத்தில்லை என்று நான் மூச்சு விட்டேன்.

ஜெயராணியின் அப்பா அந்த வருஷம் தாமதமாகத்தான் வந்தார். மார்கழியிலும் தையிலும் கூட்டத்தோடு பெரம்பலூர் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார். மழை பெய்த நாட்களில் அவர் ஊரில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடித்து, வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வந்தார். பின்னால் கேரியரில் ஜெயராணி, மடியில் எங்கள் நோட்டு. கரும்பு வெட்டிய கூலி முழுவதையும் எங்கள் கொல்லையில் போடத்தான் அவர் வந்திருந்தார். கொல்லையைச் சுற்றி வந்து, கிளைகளை வளைத்துப் பார்த்து, கடைசியில் நாங்கள் நூல் கட்டியிருந்த மரத்தடியில் வந்து நின்றார்.

எங்கள் பக்கத்தில் குத்தகையை வீட்டில் உட்கார்ந்து பேச மாட்டார்கள். பூத்த மரத்தடியில் நின்றுதான் பேசுவார்கள். எடுக்கிறவர் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், கொடுக்கிறவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். மரத்தடியில் பொய் சொன்னால் அடுத்த வருஷம் அந்த மரம் பூக்காது என்று ஒரு நம்பிக்கை. வியாபாரத்தில் ஏகப்பட்ட தில்லுமுல்லு செய்கிறவர்கள்கூட அந்த நிழலில் வாயைத் திறக்க யோசிப்பார்கள்.

"அண்ணே, பூ நல்லாத்தான் இருக்கு. இது மொதப் பூவா, ரெண்டாம் பூவாண்ணே?" என்று ஜெயராணியின் அப்பா கேட்டார்.

குத்தகையில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். தையில் பூத்த முதல் பூதான் வெயிலுக்கு முன்னால் பிஞ்சாகிக் கொட்டையாகும். அது கருகிப் போய் இரண்டாவது பூத்ததென்றால், பார்க்க அழகாக இருக்கும், பங்குனி வெயிலில் பிஞ்சோடு கொட்டிவிடும். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் என்னத்தச் சொல்றது. தெனம் தெனம் எண்ணுனது புள்ளைங்க. நோட்டு போட்டு எழுதி வெச்சிருக்குதுங்க. படிக்கச் சொல்லிக் கேட்டுக்க" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. கூடவே, பெரியவர்கள் பேசுகிற இடத்தில் எங்கள் நோட்டைக் கேட்கிறார்களே என்று பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வர முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜெயராணி நோட்டைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில் மார்கழியிலிருந்து வாசித்தாள். அவளுடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் வாசிக்கிற அழகை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழை நாட்கள் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, மழைக்குக் கூட கருகலையா?"

மரத்தடியில் பொய் சொல்லக் கூடாது. எனக்கு அதுவும் தெரியும். சற்று முன் அப்பா செய்த மாதிரியே நானும் நோட்டைக் கைகாட்டினேன். "நோட்டுல இருக்குறதுதாங்க மாமா" என்றேன்.

அது பொய் இல்லை என்று அப்போது நினைத்தேன். மரத்தையும் ஏமாற்றவில்லை, நோட்டையும் காட்டிக்கொடுக்கவில்லை, எவ்வளவு சாமர்த்தியம் எனக்கு என்றுகூடத் தோன்றியது. ஜெயராணியின் அப்பா கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "படிக்கிற புள்ளைங்க எழுதுனது, தப்பா இருக்குமா" என்றார். அப்பா ஒரு பூங்கொத்தை ஒடித்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதை வெள்ளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மாசிக் கடைசியில் பெரம்பலூரில் மாவட்டக் கண்காட்சி நடந்தது. எங்கள் மரத்தின் நிலவரத்தை டீச்சர் பெரிய சார்ட்டில் எழுதி ஒட்டியிருந்தார். பார்வையிட வந்த ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எல்லா ஊர்லயும் தை மழையில கருகிடுச்சுன்னு போட்டிருக்காங்க. உங்க ஊர்ல மட்டும் எப்படிம்மா?" என்று கேட்டார். நான் பேச வாயெடுப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார். "எங்க புள்ளைங்க கண்ணால பாத்து எழுதுனது சார்" என்றார். குரலில் அத்தனை கோபம். எங்களுக்கு ஆறுதல் பரிசாகப் பிளாஸ்டிக் சோப்பு டப்பா கிடைத்தது. ஜெயராணி அதைத் தன் பங்கு என்று சொல்லாமல் எனக்கே கொடுத்துவிட்டாள். தினமும் நடந்து போய் எண்ணியது நான்தானாம்.

பங்குனி பிறந்ததும் வெயில் அடித்தது. டீச்சரின் நீளத் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டியது என்று நான் போய்ப் பார்க்கவில்லை, எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. கொல்லையில் பூவும் பட்டாணி அளவுப் பிஞ்சும் கொட்டிக் கிடந்தன. ஜெயராணியும் அவளுடைய அம்மா அப்பாவும் விடியற்காலையில் கொட்டை பொறுக்க வருவார்கள். போன வருஷம் சாக்கு வைத்துப் பொறுக்கியவர்கள் இந்த வருஷம் கூடையின் அடி மறையாமல் திரும்பிப் போனார்கள். சித்திரையில் ஜெயராணி வருவது நின்றது. அவளுடைய அப்பா மட்டும் வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் சண்டை போடவில்லை. வாசலில் நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"நோட்டு சரிதாண்ணே. புள்ளைங்க மேல குத்தமில்ல. வெயிலு மோசம் பண்ணிப்புடுச்சு. காலமே மாறிப் போச்சுங்குறாங்களே, அதான் போலருக்கு."

அப்பா உள்ளே போய் ஒரு மரக்கால் நெல்லை அளந்து வந்து அவர் பையில் கொட்டினார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, பிறகு வாங்கிக்கொண்டார். சைக்கிளில் ஏறும்போது கதவிடுக்கில் என்னைப் பார்த்துவிட்டு, "நல்லாப் படி தாயி" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

அதற்கப்புறம் நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாவது நாள் அப்பா கொல்லையில் வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். அவர் திரும்பவில்லை.

"அப்பா, நான் நூல மாத்திக் கட்டிட்டேன்."

"எந்த நூல?"

"பூவுல கட்டுன நூல. மாமா வூட்டுக்குப் போயிட்டு வந்து பாத்தா ஏழு கருகிப் போச்சு. அவுத்து வேற கொத்துல கட்டிட்டேன். நோட்டுல இருக்குறது பொய்யிப்பா."

அழுதுவிட்டேன். அப்பா முள்ளைக் கீழே போட்டுவிட்டு வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் குத்தியிருக்கிறது போல என்று நினைத்தேன்.

"ஜெயராணிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"டீச்சருக்கு?"

"தெரியாது."

"அப்பச் சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. என்கிட்ட சொல்லிட்டல்ல, போதும்."

அடிக்கவில்லை, திட்டவில்லை. என் தலையில் கைவைத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். அன்று சாயங்காலம் ஜெயங்கொண்டம் போனவர், எனக்கு ஒரு புது ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். தகரத்தில் செய்தது, மூடியில் தாமரைப் படம் போட்டது, உள்ளே காம்பஸ் பளபளத்தது. நான் கேட்காமலே அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் பொருள் அதுதான். உண்மையை ஒப்புக்கொண்டதற்குக் கிடைத்த பரிசு என்று எடுத்துக்கொண்டேன். உண்மை பேசினால் இவ்வளவு நல்லது நடக்குமா என்று வியப்பாக இருந்தது. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

கொல்லையில் பிறந்து கொல்லையிலேயே வளர்ந்தவர் அப்பா. காலையும் மாலையும் அந்த மரங்களுக்கடியில் நடந்தவர். ஏழு கொத்து கருகியது எனக்குத் தெரியும். கொல்லை முழுவதும் கருகியது அவருக்குத் தெரியும், அதையெல்லாம் தன் கையாலேயே ஒடித்துக் கட்டியவர் அவர். நூல்கள் இடம் மாறியிருந்ததும் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அவர் மரத்தடியில் பொய் சொல்லவில்லை, என்னைச் சொல்லவைத்தார். நான் அழுதுகொண்டு ஒப்புக்கொண்டபோது அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று யோசித்துப் பார்க்க எனக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் அந்தக் கொல்லை கைமாறிவிட்டது. அப்பாவிடம் ஒருநாளும் நான் அதைக் கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அந்த வருஷம் அவருக்கும் ஏதோ பணமுடை இருந்திருக்கும். அப்படிச் சொல்லிக்கொள்கிறேன், சொல்லி முடித்த பிறகும் கோபம் வருகிறது.

இப்போது எங்கள் பக்கத்தில் முந்திரி பூக்கிற காலமே தடுமாறிப் போய்விட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் எப்படிப் பூத்தது என்று யாராவது தேடினால், அந்தப் பள்ளிக்கூடத்தின் பீரோவில் எங்கள் நோட்டு கிடைக்கலாம். அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, தை மழையில் பத்துக் கொத்தும் பூவோடு நின்றதாக அதில் இருக்கும்.

ஜூன் மாதம் ஜெயங்கொண்டத்தில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தேன். பஸ்ஸில் முதல் நாள் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு உள்பக்கம் உட்கார்ந்து வந்தேன். வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஜியாமெட்ரி பாக்ஸை வைத்து இடம் பிடித்தேன். ஜெயராணி அப்போது பண்ருட்டிப் பக்கம் அவளுடைய அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியாது. அவளுக்குப் பழைய பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்குவதில் தாமதம் என்று நினைத்தேன். உண்மை சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பரிசை அவளிடம் காட்டலாம், எதற்காகக் கிடைத்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

புது டீச்சர் வந்து, அது யாருடைய இடம் என்று கேட்டார்.

"ஆள் வருது டீச்சர்" என்றேன்.

மறுநாளும் அதையே சொன்னேன். வாரக் கடைசிவரைக்கும் சொன்னேன்.